முக்கால் இஞ்சி

ஒட்டுசுட்டானில் கல்லுடைக்கும் ஆலை.
டிப்பர் நிறுக்கும் தராசுக் கொட்டிலில் எனக்கு வேலை.
ஏற்றின வண்டியில் வெறும் வண்டியைக் கழித்தால்
மிச்சம் கல்.
ஒன்பது வருசம் இந்தக் கணக்கை எழுதியும்
கல்லுக்கு எனக்குத் தெரிந்த பெயர்கள் நாலுதான்:
ஒன்றரை இஞ்சி, முக்கால் இஞ்சி, சிப்ஸ், தூள்.

இப்போது இரவுகளில்
பனி கொட்டும் ஏதோ ஊரிலிருந்து ஒருத்தி
என் போனுக்குள் புவிச்சரிதவியல் படிப்பிக்கிறா.
முதல் வாரமே சொன்னா:
“வெளியே போய், அருகிலுள்ள மலைச்சரிவைப் படமெடுங்கள்.”
போனேன்.
வயல், பாலை மரம், திரும்பவும் வயல்.
மின்கம்பத்தில் ஒரு மயில்.
உயரமென்று இருந்தது குளக்கட்டு;
அது மண்வெட்டி செய்த மலை,
புள்ளி தரமாட்டா.

ஆலைக்குள் சிக்னல் கிடைப்பது
தூள் குவியலின் உச்சியில் மட்டும்.
இருபது நிமிசம், இருபது கேள்வி.
ஏழாவது:
தளர்ந்த துகள்கள் சரியாமல் நிற்கும்
அதிகூடிய சாய்வை எப்படி அழைப்பர்?
விடையின் மேல்தான் குந்தியிருந்தேன்.
யோசிக்க ஒரு காலை அசைத்தேன்,
குவியல் என்னையும் போனையும்
அடிவாரம் வரை இறக்கிவிட்டது.
ஏழாவது பிழை.
ஓய்வுக் கோணம் என்று பிறகு எழுதிவைத்தேன்.

ஐந்தாம் வாரம்
இரண்டு படைகளுக்கு நடுவே ஒரு கோடு.
(பாடத்தில் படையென்றால் மண்ணடுக்கு.
இரண்டாம் தரம் வாசித்துத்தான் தெளிந்தேன்.)
கீழ்ப்படை ஒரு காலம், மேற்படை வேறு காலம்,
இடையில் கிடந்தது அரிபட்டுப் போனது,
அல்லது படியவே இல்லை.
தடிப்பு ஒரு மயிரளவு,
உள்ளே காணாமற்போனது பல கோடி ஆண்டு.
நேர்கோடாக வரையாதீர்கள், என்றா,
நெளிகோடாக.

என் சான்றிதழ்களில்
இரண்டாயிரத்து ஏழு. அடுத்தது பன்னிரண்டு.
ஒவ்வொரு நேர்முகத்திலும் ஒரு விரல் அங்கே வந்து நிற்கும்.
“இடையில?”
இனிமேல் படிவத்தில் நெளிகோடு போட்டுவிடலாம்.

பிறகு ஒரு வரைபடம் வந்தது.
ஆழத்துப் பாறைகளுக்கு நிறம் தீட்டி
வன்னித் தொகுதி என்று எழுதியிருந்தது.
குருநாகலுக்கு அங்காலும் அதே நிறம்.
பெரிதாக்கிப் பார்த்தேன்.
சோதனைச்சாவடி ஒன்றுமில்லை.

வியாழக்கிழமை குழியில் புதுமுகப்பு திறந்தது.
சாம்பலும் வெள்ளையும் மங்கல் சிவப்புமாய்
வரிவரியாய் வந்த கல்
நடுவில் ஓரிடத்தில்
மடங்கித் திரும்பிப் போயிருந்தது.
துளை போட்டாயிற்று, மருந்து இன்னும் இறக்கேல்லை.
வெடிகாரர் தெய்வேந்திரத்திடம்
பத்து நிமிசம் கேட்டேன்.

“கல்லுக்கு என்னத்துக்குப் பிள்ளை படம்?
நாளைக்கும் கல்லுத்தானே வரும்.”
ஆனாலும்
அளவு தெரிய ஏதாவது வைக்கவேணும் என்றதும்
தன் தலைக்கவசத்தைக் கழற்றி மடிப்பில் வைத்தார்.
“உடையாமல் எப்படி இது வளைஞ்சது?”
இருபது கிலோமீற்றர் ஆழம், அறுநூறு எழுநூறு பாகைச் சூடு,
கொஞ்சங் கொஞ்சமாய், என்றேன்.
நாரியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.
“அப்ப என்னைப் போலதான்.”

நாலு மணிக்குச் சங்கு ஊதியது.
கொட்டில் தகரம் அதிர்ந்து,
மேசைத் தண்ணீரில் வட்டங்கள் வந்து போயின.

வெள்ளி காலை அதை நான்தான் நிறுத்தேன்,
ஆறு டிப்பராக.
பற்றுச்சீட்டில் முக்கால் இஞ்சி.
எதில் மடிப்பு இருந்ததென்று தராசு சொல்லவில்லை.

இரவு படத்தை ஏற்றினேன்.
பாறை வகை: வரிப்பாறை.
வயது: ஏறக்குறைய நூறு கோடி.
கடைசிக் கேள்வி:
இந்த வெளிப்பாட்டை மற்ற மாணவர்கள் வந்து பார்க்கலாமா?

பார்க்கலாம், என்று எழுதினேன்.
முள்ளியவளை வீதியில், இரண்டாம் மதகு தாண்டி,
இடக்கைப் பக்கம்.
தார் ஊற்ற முதல் வரவும்.