நெடிலளவு வெளிச்சம்

பொத்தானை அழுத்தினால் விழிக்கும்.
‘ஆ’ என்று நீட்டி முடிப்பதற்குள்
கண்ணை மூடிக்கொள்ளும்.
குட்டாய்சி பேருந்து நிலையத்தில்
இன்று காலை ஆறரை மணிக்கு
எனக்குக் கிடைத்த வெளிச்சம் அவ்வளவுதான்.

மேசைக்கடியில் கணினி உறுமிக்கொண்டுதான் இருக்கிறது.
கிளம்பிவிட்டேன் என்று மெட்டு வேறு போடுகிறது.
திரைக்குத்தான் மனமில்லை.

கம்பியைப் பிடுங்கிச் செருகினேன்.
வேறு கம்பி. வேறு துளை.
பக்கத்து லாட்டரிக் கடையிலிருந்து
சியாலாவின் கணினியைத் தூக்கி வந்து
அதனோடும் பூட்டிப் பார்த்தேன்.
அதே ‘ஆ’. அதே இருட்டு.
யாரும் பார்க்காதபோது
முதுகில் ஓர் அறை வைத்தேன்.
அதற்கு உறைக்கவில்லை,
எனக்குத்தான் உள்ளங்கை எரிந்தது.

சன்னலுக்கு வெளியே மழை.
மழையில் பதினோரு மார்ஷ்ருட்கா வண்டிகள்.
திரை அணைந்த சேதி எப்படியோ பரவி
பதினோரு ஓட்டுநர்களும் இன்று
முதல் வண்டிக்காரர்கள்.

‘பத்தூமி, ஏழு இருபது. என்னுடையது, மக்வாலா.
சத்தியமாக’ என்கிறான் ஜும்பர்.
சத்தியத்துக்கும் சத்தியத்துக்கும் நடுவில்
சூரியகாந்தி விதை கொறிக்கிறான்.

அழுத்து. ஒரு வரி. இருட்டு.
அழுத்து. இன்னொரு வரி.
எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளை மாதிரி
செஸ்தபோனி வண்டியைக் கண்டுபிடித்து
ஆறு நாற்பதுக்கு வழியனுப்பினேன்.
விரல் நகம் வலித்தது.

அப்புறம் எம்ஸார் வந்தான்,
கோட்டிலிருந்து பாதி மழையை என் தரையில் உதறினான்.
‘அறை விளக்கை அணை’ என்றான்.
இருந்த ஒன்றையுமா?
அணைத்தேன்.

டார்ச்சை எடுத்து
திரையின் மேல் சாய்த்துப் பிடித்தான்.

ஆற்றடியில் கிடக்கும் சில்லறை போல
மங்கலாக, ஆனால் ஒன்றும் இடம் மாறாமல்
அங்கேயே இருந்தன
ஊர்கள், நேரங்கள், வண்டி எண்கள்.
ஒன்பதாம் வரியில் ஜும்பர்.
எட்டு பத்து.

ஜும்பர் விதையை விழுங்கிவிட்டு
மழையைப் பார்க்கப் போனான்.

‘படம் சாகவில்லை. பின்னாலிருக்கும் விளக்குதான்.
உள்ளே நாலு குழல்.
ஒன்றுக்கு மூச்சுத் திணறினால் போதும்,
வம்பே வேண்டாமென்று நாலையும் அணைத்துவிடும்.’
என் புகுந்த வீட்டு வழக்கமும் அதுதான்.
சொல்லவில்லை.

பிளக்கைக் கழற்றினான்,
கழற்றியும் கால்மணி நேரம் தொடவில்லை.
உள்ளே தங்கிய மின்சாரம்
இன்னும் உறங்கியிருக்காதாம்.
பிறகு முதுகைத் திறந்தான்.
பச்சைப் பலகையில் இரண்டு மின்தேக்கிகள்
சோறு பொங்கித் தட்டைத் தூக்கியதுபோல்
தலை உப்பி நின்றன.

ஒன்றுக்குப் புதியது பையில் இருந்தது.
இன்னொன்றுக்கு
சியாலாவின் ஓடாத ரேடியோ உயிர் கொடுத்தது.
கேட்டுத்தான் எடுத்தோம், அவள் தலையாட்டியது போலத்தான் இருந்தது.
ஈயம் உருகும் நெடியில் எல்லோரும் தும்மினோம்.

அழுத்தினேன்.

‘ஆ’ முடிந்தது. வெளிச்சம் முடியவில்லை.
நாலு. ஐந்து.
கதவருகே யாரோ எண்ணத் தொடங்கினார்கள்.
பதினொன்றில் எம்ஸார் ஒரு திருகாணியைத் தேடிக் குனிந்தான்.
அதற்குப் பிறகு யாரும் எண்ணவில்லை.

முழுத் திரை. காலையிலிருந்து முதல் முறையாக
அடுத்தடுத்த இரண்டு வரிகளை
ஒன்றாகப் பார்க்கிறேன்.
செஸ்தபோனிக்கு நேரே ஏழு நாற்பது.
ஆறு நாற்பது அதற்கு மேல் வரி,
வேறு ஊர், வேறு வண்டி.

சுவர்க் கடிகாரத்தில் ஏழு முப்பத்தைந்து.
குடைகளை மடக்கியபடி
செஸ்தபோனிக்காரர்கள் உள்ளே வருகிறார்கள்.

‘நன்றாகத் தெரிகிறதா?’ என்று கேட்கிறான் எம்ஸார்.
‘எல்லாமே தெரிகிறது.’

சன்னலைத் திறந்து
தேன் தடவிய குரலில் கூப்பிட்டேன்:
‘ஜும்பர்,
சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்றாயே?’