எந்தத் தூக்கம்

வியாழன் காலை எட்டேகால்.
ஃப்ரிபூர், பெரோல் கட்டடத்தின் மூன்றாம் மாடி.
ஆய்வு முறையியல் வகுப்பில்
நான் புரொஜெக்டரைப் போடவில்லை.
மேசைமேல் அட்டை, கத்தரிக்கோல், பசைநாடா,
நாலு நிறத்தில் ஒட்டுத்தாள்.
'பாலர் பள்ளியா?' என்றான் பிளேஸ்,
பிரெஞ்சில் ஒருமுறை, ஜெர்மனில் ஒருமுறை,
இந்த ஊர் வழக்கப்படி.

பாடத்திட்டத்தில் இதற்குப் பெயர்
வடிவமைப்புச் சிந்தனை.
டீன் அலுவலகத்துக்குத் தெரிந்ததெல்லாம்
ஒட்டுத்தாள் வாங்கிய பில்.

உர்சினாவிடம் நாற்பத்திரண்டு கேள்விகள் இருந்தன,
இரவும் விடியலும் வேலை செய்பவர்களின் உறக்கம் பற்றி.
ஏழு மாதம் நூலகத்தில் இழைத்தவை.
ஒவ்வொன்றின் கீழும் ஐந்து கட்டம்,
அடுக்கிய தீப்பெட்டிகள் போல.

'ஒன்றை மட்டும் எடு' என்றேன்.
'அட்டையில் பெரிதாக எழுது.
இந்தக் கட்டடத்திலேயே ஒருவரிடம் கொடு.
விளக்கம் சொல்லாதே.
பேனா எங்கே தயங்குகிறது என்று மட்டும் பார்.'

நடைக்கூடத்தில் மிர்லிந்தா
துடைப்பத்தைப் பிழிந்துகொண்டிருந்தாள்.
ஈரக் கையை மேலங்கியில் துடைத்து வாங்கினாள்.
நேற்று எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள்?
பேனா இரண்டாம் கட்டத்துக்குப் போனது.
திரும்பியது.
நாலாவதுக்குப் போய்
தொடாமல் நின்றது.

'எந்தத் தூக்கம்?'

நாலு மணிக்கு இங்கே வருகிறாள், ஒன்பதுக்குப் போகிறாள்.
வீட்டில் ஒரு தூக்கம்.
மாலையில் மேலூர் வங்கியைத் துடைத்துவிட்டுப் போய்
இன்னொரு தூக்கம்.
'பஸ்ஸில் தூங்குவதைச் சேர்க்கலாமா?
இரண்டு முறை கடைசி நிறுத்தம்வரை போயிருக்கிறேன்.'
கட்டங்கள் காலியாகவே அட்டை திரும்பி வந்தது.
பேனாவை வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டாள்,
நன்றாக எழுதுகிறதாம்.

உர்சினா அழவில்லை.
அழுதிருந்தால் எனக்கு எளிது,
ஆறுதல் சொல்லத் தெரியும்.
'இதை எந்த நெடுவரிசையில் பதிவது?' என்றாள்.
தெரியாது என்றேன்.
பதினோரு வருடமாக இந்த வகுப்பு எடுக்கிறேன்.
பிளேஸ் முதல்முறையாகக்
குறிப்பேட்டைத் திறந்தான்.

என் முனைவர் பட்ட ஆய்வில்
அறுபத்தோரு பேர் பதில் சொல்லவில்லை.
விதிப்படி, அவர்களுக்கு 99 என்று எண் கொடுத்தேன்.
பட்டியல் அழகாக வந்தது, பட்டமும் வந்தது.
அவர்கள் எல்லாரும் பேனாவைக் காற்றில் நிறுத்தி
எதையோ கேட்க வாயெடுத்திருப்பார்களோ,
நான் அடுத்த பக்கத்தைப் புரட்டும்போது?

மாலை கீழூருக்கு இழுவை ரயிலில் இறங்கினேன்.
கழிவுநீரின் எடையில் ஓடும் வண்டி.
மேலே நிற்கும் பெட்டியின் தொட்டியில்
ஊர் கழுவி ஊற்றியது நிறையும்.
அது இறங்க, கீழே நிற்பது ஏறும்.
இரண்டு நிமிடப் பயணம்.
வெயில் நாளென்றால் மூக்கைப் பொத்தவேண்டும்.

நடுவழியில், தண்டவாளம் பிரியும் இடத்தில்,
எதிர்ப்பெட்டி கடந்தது.
உள்ளே உர்சினா. மடியில் அட்டைகள்.
நாற்பத்தோரு கேள்விகளில் ஏதோ ஒன்றை
நீளவாக்கில் வெட்டிக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்க்கவில்லை.
வங்கி மூடும் நேரம்.
கையில் என் கத்தரிக்கோல்.