கம்பி நீட்டிய பொறி

மழை விட்ட மறுநாள் மட்டும்
மக்கர் பண்ணுகிற புல்வெட்டியைத்
தோளிலிருந்து இறக்கினான் ஷொஹிதுல்.
"அக்கா, இதுக்கு ஈரம் ஆகாது."
பரிசாலில் பிறந்து, ஈசூன் புல்லில் எட்டு வருடம்;
தமிழைக் கூடவேலை செய்பவர்களிடம்
கடன் வாங்கித் திருப்பித் தராதவன்.

பிளக் புதுசு. பெட்ரோல் புதுசு.
குற்றமே செய்யாத கார்பரேட்டரை
இரண்டு தடவை கழற்றிப் பார்த்தாயிற்று.

சுங்கை காடுட் ஸ்டோரில்
ஷட்டரை இறக்கி விளக்கை அணைத்து
"இப்ப இழு" என்றேன்.
மூன்றாம் இழுப்பில்
ஒயரின் வளைவில், ரப்பர் வெடித்த மயிரிழையில்
நீலமாய் ஒரு துளி,
பிளக்குக்குப் போகாமல்
பக்கத்து இரும்புக்குத் தாவிற்று.
கம்பி நீட்டுவது என்பார்களே,
கம்பிக்கு உள்ளிருந்தே ஒன்று அதைச் செய்ததை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜாலான் புசார் பின்சந்து.
மிஸ்டர் குவெக் எப்போதும் சொல்வதையே சொன்னார்:
"காயிலோட மாத்திடு லா. அறுபத்தெட்டு வெள்ளி."
ஒயர் மட்டும் போதும், மீட்டர் மூன்றரை.
முறுக்குடப்பாவில் கொண்டுபோன பழைய துண்டை
கண்ணாடி மேல் வைத்தேன்.

சிவப்பு சிலிக்கோனில் ஏழு மில்லிமீட்டர் ஒன்று
மாப்பிள்ளை மாதிரி மினுக்கிக்கொண்டிருந்தது.
கார் ஜாதி. எங்கள் காயிலின் துளையோ ஐந்து.
அடுத்தது அளவு சரி, உள்ளே கரித்திரி.
காயிலுக்குள் நிற்கும் திருகாணி
கரியைக் கடித்துப் பிடிக்காது,
இழையிழையாய்ச் செம்பு வேண்டும்.
மூன்றாவது மலிவு.
சைலன்சர் பக்கத்தில் ஒரு மத்தியானம் தாங்குமா?
குவெக் பதில் சொல்லவில்லை, அதுவே பதில்.
நான்காவதை வெட்டச் சொன்னேன், முப்பது சென்டிமீட்டர்.
தொப்பி நேரா, வளைந்ததா?
வளைந்தது; நேராய் இருந்தால் மூடி மூடாது.
அதற்குள் உட்காரும் சுருள்கம்பி நாற்பது காசு.
அதை மறந்துவிட்டு
இன்னொரு முறை பஸ் ஏறியவள் நான்.

தொப்பியில் இரண்டு ரகம் காட்டினார்.
பார்வைக்கு ஒன்றுபோல,
ஒன்றில் இரண்டு வெள்ளி எண்பது கூடுதல்.
மலிவை எடுத்தேன்.

ஈரப்புல்லிலும் முதல் இழுப்பிலேயே எழுந்தது மெஷின்.
பதினோராம் நாள் நகர மன்றத்திலிருந்து கடிதம்.
இரண்டாம் மாடி, புவான் ரொகாயா:
"புல் வெட்டும் சத்தம் பற்றி எனக்குப் புகாரில்லை.
அவர்கள் வேலை அது.
ஆனால் பத்து மணிக்கு என் ரேடியோ கெடுகிறது."
சூப்பர்வைசர் சிரித்தார், இன்னுமா ரேடியோ என்று.

போய் அவர் சமையலறையில் நின்றேன்.
கீழே ஷொஹிதுல் முடுக்க முடுக்க
செய்தி வாசிப்பவர் தொண்டையில்
சடசடவெனப் பொரிந்தது பொறி.
றகரம் ரகரமான அந்தச் சத்தத்தைக் கேட்டு
கையில் தேநீரோடு
அசடு வழிய நின்றேன்.
நான் அடைத்தது கண்ணுக்குத் தெரிந்த கசிவை.

"அதான் அன்னிக்கே காட்டினேன்.
ரெசிஸ்டர் வெச்சது, அஞ்சு கிலோ ஓம்.
நீ விலையைத்தான் பார்த்தே" என்றார் குவெக்.

முப்பத்து நாலு மெஷினுக்கும் கணக்குப் போட்டு நீட்டினேன்.
வேகம் கூடுமா, என்றார் முதலாளி.
இல்லை.
எண்ணெய் மிச்சமாகுமா?
இல்லை.
பின்னே?
ஒரு ரேடியோ கேட்கும்.
தாளைத் திருப்பித் தந்தார்:
"அந்த புளோக்குக்குப் போறதுக்கு மட்டும் போடு."

போட்டேன், மஞ்சள் டேப் சுற்றி.
மற்ற முப்பத்து மூன்றும்
எந்த மாடியில் எவர் காதுக்குள்
பொரித்துக்கொண்டிருக்கின்றனவோ,
அவர்கள் கடிதம் எழுதுகிறவர்கள் இல்லை.

ஒயர் வெடித்து வருகிற ஒவ்வொன்றுக்கும்
இப்போது அந்தத் தொப்பியே.
பில்லில் 'தொப்பி' என்று மட்டும் எழுதுகிறேன்.
இதுவரை ஏழு.