ஏழாம் குழாய்

லீட்ஸ். ஐம்பத்திரண்டு, பிப்ரவரி.
வாய்க்கால் ஓரத்துக் கம்பளிக் கிடங்கில்
மூட்டைகளை இறக்கிவிட்டு
ஓர் இயந்திரத்தை ஏற்றியிருந்தார்கள்.
சன்னலுக்கு வெளியே கரிப்புகையும் பனியும்
ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நின்றன.

இயந்திரத்தின் ஞாபகம் முழுக்கப் பாதரசம்.
ஆள் நீளக் குழாய்கள் பதினாறு.
ஒரு முனையில் எண் ஒலியாகிக் குதிக்கும்,
மறுமுனையில் கரையேறும்,
ஈரம் உலர்வதற்குள்
பழைய முனைக்கே ஓடிவந்து திரும்பக் குதிக்கும்.
நொடிக்கு ஆயிரம் தரம்.
நின்றால் மறதி.

கொழுக்கட்டை கொழுக்கட்டை என்று
வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனவன்
ஒரு வாய்க்காலைத் தாண்டியதும்
வேறு பேர் சொன்னது நமக்குத் தெரியும்.
டோரீன் அக்ராய்டுக்குத் தெரியாது.
ஆனாலும் இரவெல்லாம் அவள் காவல் இருந்தது
அந்த வாய்க்காலுக்குத்தான்.

அவளை வேலைக்கு எடுத்த கடிதத்தில்
பதவியின் பெயர் கம்ப்யூட்டர்.
வாரம் நாலு பவுண்டு பத்து ஷில்லிங்.
இயந்திரம் வந்ததும் அந்தப் பெயரை
அதற்கே கொடுத்துவிட்டார்கள்;
இவள் இரவுப் பணியாளர்.
வருத்தமா என்று கேட்டவர்களிடம் சொன்னாள்:
பெயரோடு தோள்வலியும் சேர்ந்து போயிற்றே,
பாதி நாள் அந்தக் கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள்.

அன்று ஓடியது விட்பி துறைமுகத்தின் ஓதக் கணக்கு.
கடலைக் காணாத ஊரில்
கடல் எப்போது ஏறும், எப்போது வடியும் என்று
மேசைமேல் ஒலிபெருக்கி முணுமுணுத்தது.
கணக்கு நல்லபடி போனால் ரீங்காரம்.
இரண்டே முக்காலுக்கு அது
ஜலதோஷம் பிடித்த குரலாயிற்று.

ஏழாம் குழாயின் சூடேற்றி செத்திருந்தது.
குளிர்ந்தால் பாதரசம் ஒலியை விரட்டும்;
எண் நேரத்துக்கு முன்பே வந்து நிற்கும்.
இங்கே தாமதமாய் வந்தவனுக்கு மட்டுமல்ல,
சீக்கிரம் வந்தவனுக்கும் கதவில்லை.

பொறியாளர் நோரிஸ் பில்லிங்
பனியில் பஸ் நின்றுபோய் எங்கேயோ.
பதிவேடு சொல்வது இவ்வளவு:

2.47 ஏழு குளிர்கிறது. என் கோட்டு.
3.10 போதவில்லை. வெந்நீர்ப் பை.
3.22 சூடு கூடிவிட்டது. கோட்டின் கைகளை மட்டும் விலக்கினேன்.
4.05 ஏழு சரி. கடைசி நாடாவிலிருந்து மறுபடி.
எனக்குத் தேநீர் இல்லை, வெந்நீர் எல்லாம் அதற்கு.
6.31 விட்பி முடிந்தது.

ரசத்தைக் கட்டினால் சாவில்லை என்பார்கள்.
அவள் கட்டவில்லை,
போர்த்தினாள்.

எண்ணெய்க் கறைபட்ட கோட்டுக்கு
மூன்று பவுண்டு கேட்டு எழுதினாள்.
கணக்குப் பிரிவு பதினைந்து ஷில்லிங் அனுமதித்தது.
அடுத்த இயந்திரத்தின் வரைபடத்தில்
குழாய்க்கொரு கம்பளி உறை.
பாகத்தின் பெயர் எழுதும் கட்டத்தில்
பில்லிங்கின் கோணல் எழுத்தில்: கோட்டு.
புதிதாய் வந்த பையன்கள்
ஏன் என்று கேட்கவில்லை.

பிறகு காந்த வளையங்கள் வந்தன.
குழாய்களைக் கவிழ்த்து
ஜுரமானி செய்கிறவர் ஒருவருக்குப்
பாதரசத்தை எடைபோட்டு விற்றார்கள்.
அப்போது டோரீன் பிராட்ஃபோர்டில் குடித்தனம்,
கீழ்வீட்டில் ஓயாத வானொலி.

ஒரு ஜனவரி இரவு
மகளின் நாக்கடியிலிருந்து கண்ணாடிக் குச்சியை எடுத்து
விளக்கில் சாய்த்துப் பார்த்தாள்.
அதே பாதரசமோ, வேறோ.
விட்பியின் ஒரு சொட்டுக்கூட
அதற்கு ஞாபகமில்லை.
வெள்ளிக் கோடு நின்ற இடத்தைப் படித்தாள்:
ஒன்று, பூச்சியம், ஒன்று.

அலமாரியைத் திறந்து
கறை போகாத அந்தக் கோட்டை எடுத்தாள்.
கைகளை மட்டும்
விலக்கிப் போர்த்தினாள்.