நிகர எடை

படிவத்தின் முதல் கேள்வியே தப்பு:
‘உங்களால் மறக்க முடியாத நிகழ்ச்சி ஒன்று.’
நான் தயாரித்த படிவம்தான்.
பிலோமினா அதை வாங்கி
முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து
“சீல் எங்க?” என்றார்.

அஸ்தம்பட்டியில் இல்லத்தின் மாடியறை.
சன்னலைத் திறந்தால் சேர்வராயன்.
அன்று பாதி மலைதான் வந்திருந்தது.
ரெக்கார்டரை மேசைமேல் வைத்தேன்.
உள்ளங்கையில் எடுத்து ஒரு கணம் நிறுத்தி
“தொண்ணூறு கிராம்” என்றார்.
(வீட்டுக்கு வந்து சமையலறைத் தராசில் வைத்தேன்.
தொண்ணூற்று நான்கு.)

கருப்பூர்ப் பக்கம் வெள்ளைக்கல் சுரங்கம்,
எடைமேடைக் குமாஸ்தா, இருபத்தாறு வருடம்.
இது மகன் ஃபெலிக்ஸ் சொன்னது.
அவர் சொன்னது:
“லோடு வண்டி ஏறும், எழுதுவேன்.
காலி வண்டி ஏறும், எழுதுவேன்.
கழிச்சா கல்லு.
கழிக்கறதுதான் சார் வேலை.”

முதல் செவ்வாய்க்கிழமை
மாது என்று ஒரு டிரைவர் வந்தான்.
அவன் லோடுக்கு முந்நூற்று எண்பது கிலோ
குறைத்து எழுதினாராம்.
அவன் பெண்ணுக்குக் காய்ச்சல்.

அடுத்த வாரம் அவன் மாதையன்.
அதே முந்நூற்று எண்பது.
காய்ச்சல் இல்லை; ஏற்காட்டுப் பலாச்சுளை நாலு,
தினசரித்தாளில் மடித்து,
அச்சு மை சுளையில் ஒட்டியிருந்தது.

மூன்றாம் வாரம் என்னைத் தெரியவில்லை.
ஆடிட் என்று நினைத்துவிட்டார்.
எழுந்து நின்று, முந்தானையை இழுத்துச் செருகி,
“நான்தான் எழுதினேன். முந்நூத்தி எண்பது.
மேஸ்திரிக்கு ஒண்ணும் தெரியாது.”
உட்காருங்கள் என்று எவ்வளவோ சொல்லியும்
உட்காரவில்லை.
பதினோரு நிமிடம் நாங்கள் நின்றபடி இருப்பது
ஒலிப்பதிவில் இருக்கிறது:
மின்விசிறி, கீழே ஒரு குக்கர்.

பிறகு ஒருநாள் அவன் முனிரத்தினம் ஆனான்.
“ஒண்ணும் கேக்கல சார். சும்மா சிரிச்சான்.
மூஞ்சி பூரா வெள்ளைத்தூசி,
பல்லு மட்டும் மஞ்சள்.”

கணவர் பெயர் இருமுறை மாறிற்று.
கல்யாணம் நடந்த கோயில்
செவ்வாய்ப்பேட்டையிலிருந்து சூரமங்கலம் போய்
திரும்பி வரவில்லை.
அந்த எண் மட்டும்
கல்லாய் உட்கார்ந்திருந்தது.

ஐந்து ரோட்டில், தட்டுவடைக் கடை பெஞ்சில்,
ஃபெலிக்ஸ் அச்சுப்படியைப் படித்தார்.
அந்தப் பக்கத்தைப் பேனாவால் வளைத்தார்.
“இது மட்டும் வேணாமே.
என் பசங்க படிக்கப் போறாங்க.”
சட்னி வடிந்த விரலைத் துடைத்துக்கொண்டு,
கொஞ்சம் பொறுத்து,
“எந்த வருஷம்னு ஏதாச்சும் சொன்னாங்களா?”

சொல்லவில்லை என்றேன்.
காசை அவரே கொடுத்தார்.

கழித்தேன்.
ஒன்றேகால் பக்கம் போனது.
புத்தகம் அழகாகத்தான் வந்தது,
முதல் நற்கருணைப் படம், ஓய்வு நாள் மாலை,
பேரப்பிள்ளைகள் பிறந்த தேதிகள்.

நேற்று அவருக்குப் படித்துக் காட்டப் போனேன்.
பையில் இரண்டு பிரதிகள் இருந்தன.
கழிக்காததை எடுத்தேன்.

யாரோ ஒருத்தி கதையாகக் கேட்டார்.
சில இடங்களில் ‘அடப்பாவமே’ போட்டார்.
லாரி எடைமேடையில் ஏறியதும்
கையைத் தூக்கி நிறுத்தினார்.

“இந்தப் பொம்பள மாட்டிக்கிட்டாளா?”
இல்லை.
“இப்ப எங்க இருக்கா?”
இங்கேதான், அஸ்தம்பட்டியில்.

சன்னலுக்கு வெளியே முழு மலையும் வந்திருந்தது.
அதை ஒருதரம் பார்த்தார்,
தாளை ஒருதரம்.

“முந்நூத்தி எண்பது இருக்காது.
நானூத்தம்பதாவது இருக்கும்.
இவ குறைச்சு எழுதறவ.”