பதினெட்டுக் குழி ஒரு பரப்பு

கலியாணத்துக்கு வந்த கனடா மச்சான்
நிறை கூடிப்போச்சென்று விட்டுப்போன பையில்
ஏழாம் இலக்க இரும்பு மட்டை ஒன்று, பந்து பதினொன்று,
இடக்கைக்கு மட்டும் ஒரு கையுறை,
ஈரத்தில் தாள் ஒட்டிப்போன விதிப்புத்தகம்.

எனக்கு வேலை தொலைபேசிக் கோபுரம் ஏறுவது.
கொம்பனி எங்கே அனுப்புகிறதோ அங்கே
மோட்டார் சைக்கிளில் மட்டையையும் சேர்த்துக் கட்டினேன்.
யாழ்ப்பாணத்தில் கோல்ஃப் மைதானம் இல்லை என்பவர்கள்
நூற்றைம்பது அடி உயரத்தில் நின்று
இந்த மண்ணைப் பார்த்ததில்லை.

முதலில் மணற்காடு.
பிற தேசங்களில் மணல் ஒரு பொறியாம்,
பந்து விழுந்தால் தலையில் கை வைப்பார்களாம்.
இங்கே பொறிக்குள்தான் மைதானமே.
இரண்டு பந்தைக் குன்று விழுங்கிற்று.
மூன்றாவது சவுக்குக்கு அப்பால் போய்
காயப்போட்ட வலையில் மாட்டிக்கொண்டது.
எடுத்துத் தந்தவன் கேட்டான்:
"இது என்ன மீன்ரை முட்டை அண்ணை?"

மட்டுவிலில் அறுத்த வயல்.
பால்மா ரின் புதைத்தால் அதுதான் குழி.
ஆடு மேய்த்த பொடியன் சாரத்தைக் கழற்றிக் கொடியாக்கி
காற்சட்டையோடு நின்றான், மிகக் கண்ணியமாக.

புத்தூரில் புகையிலைக்காரர் மண்வெட்டியோடு வந்தார்.
"ஆரின்ரை காணி எண்டு தெரிஞ்சோ அடிக்கிறாய்?"
பந்து அதற்குள் கிணற்றில்.
கிணறும் அவருடையதுதான்.

நெடுந்தீவில் ஒரு குதிரை
பந்தை முகர்ந்தது, என்னைப் பார்த்தது,
இரண்டிலும் தின்ன ஒன்றுமில்லையென்று போயிற்று.

ஆனியில் சுகிர்தா பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.
"உங்களுக்கு விசர். தனிய விட ஏலாது."
கரண்ட் பில்லின் பின்பக்கம் கணக்கு எழுதினாள்,
எனக்காக ஓர் அடிகூடக் குறைக்காமல்.
பிறகு செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் அடித்தாள்.
ஆறு மாதமாக நான் அடித்ததெல்லாம்
அவளுடைய அந்த ஓர் அடிக்குக் கிட்ட வரவில்லை.
அதை மட்டும் அவள் எழுதவில்லை.

ஒட்டிய தாள்களைப் பிரித்து விதி வாசித்தாள்:
ஒரு மைதானத்துக்குப் பதினெட்டுக் குழி.
சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு.
"பதினெட்டுக் குழி எண்டால் ஒரு பரப்பு.
இவங்களும் எங்கடை கணக்குத்தான் பாக்கிறாங்கள்."

அவளுக்குத் தாய்வழிச் சீதனம் ஏழு பரப்பு பதினொரு குழி.
உறுதியை மனப்பாடமாகச் சொல்வாள்:
கிழக்கில் ஒழுங்கை, தெற்கில் சின்னத்துரை காணி,
அதனுள் நிற்கும் பனை, பலா, கிணற்றில் அரைப்பங்கு.
கலியாணம் முடித்துப் பதினாறு வருசம்.
காணிக்குள் நான் கால் வைத்ததில்லை. அவள் வைத்தது நாலு வயதில்.

மழை ஐப்பசியில் தொடங்கி மைதானங்களைக் கலைத்தது.
வழுக்கியாற்றங்கரையில் ஒரு பந்து தவளைகளோடு போனது.

மார்கழியில் வலிகாமம் வடக்கில் ஒரு கோபுரம்.
கீழே இறங்கி, முள்ளுக்கம்பிக்கு வெளியே தரவையில்
மேற்குப் பார்த்துத்தான் அடித்தேன், சத்தியமாக.
கடல்காற்று பந்தை வளைத்துக் கம்பிக்கு மேலால் கொண்டுபோனது.
பற்றைக்குள் எங்கோ ஓட்டில் பட்ட சத்தம்.

விதி இருபத்தேழோ என்னவோ:
எல்லைக்கு வெளியே போன பந்துக்கு ஓர் அடி தண்டம்.
நின்ற இடத்தில் நின்று மறுபடி அடிக்கவேண்டும்.
"எல்லைக்கு உள்ளுக்கெல்லோ போனது," என்றாள்.
மட்டையை வாங்கினாள்.

மிச்சம் நாலு பந்து.
ஒன்று கிழக்கே, ஒழுங்கை இருந்திருக்கவேண்டிய பக்கம்.
ஒன்று கிணற்றுப் பக்கம், அரைப்பங்குக்கு.
மூன்றாவது பிழைத்து என் காலில் பட்டது,
எடுத்துத் திரும்ப வைத்தேன்.
காவலரணில் இருந்த பொடியன் எழுந்து நின்று பார்த்தான்.
நடந்துபோய் ஒன்றைக் குனிந்து எடுத்தான்.
திருப்பி எறியவில்லை. சட்டைப்பையில் போட்டான்.
நாலாவது எங்கே விழுந்ததென்று மூவருக்கும் தெரியாது.

வருசம் முடிய மச்சான் அழைத்தான்:
"பகிடிக்குக் கேக்கிறன், எத்தினை மைதானம் பாத்தனீ?"
பன்னிரண்டு என்றேன்.
குசினியிலிருந்து சுகிர்தா திருத்தினாள், பதின்மூன்று.