ஈயக் குப்பி

திருப்பூரில் கழித்த சரக்கு.
பழைய பஸ் ஸ்டாண்ட் நடைபாதையில் நூற்றைம்பது சொன்னான்,
தொண்ணூறுக்குக் கொடுத்தான்.
கறுப்பும் வெள்ளையும் பட்டை பட்டையாக,
முதுகில் மூன்று பை, அதில் ஒன்று கோணல் தையல்.
அது ஒரு கொடியின் நிறம் என்று
தஸ்தகீர் சொல்லித்தான் தெரியும்.
நாடு இல்லை, மூலை.
பிரான்சு கடலுக்குள் மூக்கை நீட்டும் இடம்.
பிரெத்தாஞ்.

ஜூலை முழுக்க
ஜவ்வரிசி ஆலை லேபில் மாவின் ஈரம் அளந்துவிட்டு
திரும்பும் பஸ்ஸில் போனைச் சாய்த்துவைத்துப் பந்தயம் பார்த்தேன்.
அந்த மூலையில் ஊர்த்திருவிழா என்றால் சைக்கிள் ஓட்டம்.
பால் கறந்த கையோடு வந்து
ஹேண்டில்பார் பிடித்தவர்கள்.
பிரான்சைச் சுற்றி ஐந்து முறை ஜெயித்தவன் அங்கே பிறந்தான்,
மூன்று முறை ஜெயித்தவனும்.

எனக்குப் பிடித்தவன் ஒரு குள்ளன்.
ஏறும்போது இறகு.
இறங்கும்போதும் இறகு, அதுதான் சிக்கல்.
உச்சியில் ஆள் நிற்குமாம்
ஈயம் நிரப்பிய குப்பியோடு.
வாங்கிச் செருகிக்கொண்டு
கல்லாக விழுவானாம் பள்ளத்துக்குள்.

இன்னொன்றும் படித்தேன்.
பந்தயம் ஒருவனுடைய சொந்த ஊரைத் தொடும்போது
கூட்டம் மிதியைக் குறைத்து அவனை முன்னே விடும்.
அவன் போய், இறங்கி,
பெண்டாட்டியை முத்தமிட்டு, பிள்ளையைத் தூக்கி இறக்கி,
பின்னால் வருகிறவர்களோடு சேர்ந்துகொள்வான்.
எந்தச் சட்டத்திலும் இல்லை, வழக்கம்.
இதைத் தஸ்தகீரிடம் நான் சொல்லியிருக்கக் கூடாது.

ஞாயிறு, நாலரை மணி, அடிவாரம் செக்போஸ்ட்.
பதினொரு பேர்.
கொண்டை ஊசிகளை எண்ணாதே என்பார்கள்.
நாம் எண்ணாவிட்டால் பலகை எண்ணுகிறது:
ஏழு கீழ் இருபது, எட்டு கீழ் இருபது.
பதினொன்றில் குரங்குகள்.
பதினான்கில் டூரிஸ்ட் வேன், ஓரமாய் ஒரு வாந்தி.
பதினேழில் திரும்பிப் பார்த்தேன்,
வெள்ளைக்கல் சுரங்கம் விடிந்துவிட்டிருந்தது,
சேலம் இன்னும் விடியவில்லை.

ஏரிக்கரையில் டீ. பிறகு குப்பனூர் சாலை.
வாழவந்தி 2 கி.மீ. என்ற கல்லைத் தாண்டியதும்
ஜெயசீலனுக்குச் செயின் சரியில்லை.
மெட்டில்டா தண்ணீர் குடித்தாள், குடித்துக்கொண்டே இருந்தாள்.
பத்துப் பேரும் சவ ஊர்வல வேகத்தில்.
‘போங்க தையல்நாயகி’ என்றார் தஸ்தகீர்,
என்னைப் பார்க்காமல்.

ஏழு வருஷம்.
ஒன்றேகால் ஏக்கர் காபி, நான் போட மறுத்த ஒரு கையெழுத்து,
அன்றைக்கு அவன் சொன்ன ஒரு வார்த்தை.

அண்ணன் ஜீப்பில் கூடை ஏற்றிக்கொண்டிருந்தான்.
பட்டர் ஃப்ரூட் சீசன்.
பிரேக் பிடித்தேன். ஷூவின் ஆணி
சிமெண்டில் டக்கென்றது.
பார்த்தான். நரைத்திருந்தான்.

‘இதென்ன சட்டை, வரிக்குதிரையாட்டம்.’
‘பிரெத்தாஞ்.’
‘ம்.’

வளைவுக்கு அப்பால் பத்துச் சக்கரங்களின்
கிர்ர்ர், வெட்டுக்கிளிக் கூட்டம் மாதிரி.

‘அவங்க நிக்க மாட்டாங்களா?’
‘மாட்டாங்க.’
‘நீ?’

பதிலுக்குக் காத்திருக்கவில்லை.
கூடையில் கைவிட்டு, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி
மூன்று காய் எடுத்தான்.
என் முதுகுப் பக்கம் வந்து
பைக்கு ஒன்றாகப் போட்டான்.
கோணல் தையல் கொஞ்சம் முனகியது, தாங்கியது.
‘மூணு நாள் விட்டு அறு’ என்றான்.
அதற்குள் தஸ்தகீர் மணியடித்தபடி போய்விட்டார்,
அவருக்குப் பின்னால் எல்லோரும்,
மெட்டில்டா மட்டும் என் அண்ணனுக்கு வணக்கம் சொல்லிவிட்டு.

குப்பனூர் இறக்கத்தில் எனக்கு எப்போதும் பயம்.
காற்று தூக்கிவிடும், பிரேக்கிலேயே கை மரத்துப்போகும்.
அன்று ஒவ்வொரு திருப்பத்திலும்
முதுகில் மூன்று காய்கள் என்னோடு சாய்ந்தன,
என்னோடு நிமிர்ந்தன.
மூன்றாவது வளைவில் ஜெயசீலனைப் பிடித்தேன்.
ஐந்தாவதில் தாண்டினேன்.

லேப் அலமாரியில், மாவுக் குடுவைகளுக்குப் பக்கத்தில்
வைத்திருக்கிறேன்.
செவ்வாய்க்கிழமை அழுத்திப் பார்த்தேன்.
இன்னும் கல்.